மழை நாளில் காரங்காட்டில் கயாக் ஓட்டலாமா?

கேட்டவர் மதுரைக்காரர். நவம்பர் கடைசியில் மனைவி, பத்து வயது மகளோடு ராமநாதபுரம் மாவட்டத்துக் காரங்காட்டுக்கு வந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக், அதாவது நாமே துடுப்புப் போடும் சின்னப் படகு, ஓட்டத் திட்டம். வானிலை அறிக்கையோ விட்டு விட்டு மழை என்கிறது. வரலாமா, பொங்கலுக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாமா என்பது கேள்வி. மனைவிக்கு நீச்சல் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார்.

வாருங்கள். மழைக்காக மட்டும் தள்ளிப்போடாதீர்கள். காற்று எப்படி, இடி உண்டா, தண்ணீர் எப்போது வற்றும் என்ற மூன்றும் தெரிந்துவிட்டால் மழை பெரிய விஷயம் இல்லை. அந்த மூன்றில் ஒன்று சரியில்லாவிட்டால், சுள்ளென்று வெயில் அடித்தாலும் இறங்கக்கூடாது.

எனக்கு ஊர் தொண்டிப் பக்கம். சில வருஷமாக அங்கே துடுப்புப் போட்டு வருகிறேன், அதுவும் பெரும்பாலும் மழைக்காலத்தில்தான். சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்கள், பத்து மணிக்கே மண்டை பிளக்கும். உட்காரும் பிளாஸ்டிக் இட்லித்தட்டு மாதிரி கொதிக்கும். கார்த்திகையில் மேகம் மூடியிருந்தால் மத்தியானம் வரை காட்டுக்குள் இருக்கலாம்.

முதலில் இடத்தைப் பற்றிக் கொஞ்சம். ராமநாதபுரத்திலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே வந்தால் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் தாண்டி வலது கைப்பக்கம் காரங்காட்டுக்குச் சாலை பிரியும். நீங்கள் மதுரையிலிருந்து சிவகங்கை, திருவாடானை வழியாகத் தொண்டி வந்து அங்கிருந்து தெற்கே இறங்கவும் செய்யலாம். என்ன, உப்பூர் பிள்ளையாரைப் பார்க்க முடியாது. அவர் பேரே வெயிலுகந்த விநாயகர். வெயிலை விரும்பும் சாமிக்கு ஒரு தேங்காயை உடைத்துவிட்டு, மழை நிற்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டு போகிற ஆள் அநேகமாக நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

கோட்டக்கரை ஆறு பாக் விரிகுடாவில் சேர்கிற இடத்தை ஒட்டித்தான் இந்தக் காடு. 70 ஹெக்டேர் சொச்சம். பிச்சாவரத்தை மனதில் வைத்துக்கொண்டு வந்தால் இது சின்னது என்று தோன்றும். சின்னதுதான். ஆனால் கூட்டம் குறைவு, கயாக்கில் நாமே துடுப்புப் போடலாம், காட்டைத் தாண்டினால் நேராகக் கடல். வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து நடத்துகிறார்கள். உங்களோடு வருகிறவர் அந்த ஊர் மீனவராகத்தான் இருப்பார், தண்ணீரை அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சரி, மழைக்கு வருவோம். ராமநாதபுரம் என்றாலே தண்ணியில்லாக் காடு என்பார்கள். ஆண்டு முழுக்கச் சேர்த்து 80 சென்டிமீட்டருக்குச் சற்று மேல்தான் மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். கொட்டுகிற விதம் இருக்கிறதே, அதுதான் கவனிக்க வேண்டியது. 2024 நவம்பர் 20 அன்று ராமேசுவரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது. மாவட்டத்தின் வருஷக் கணக்கில் பாதி! அந்த மாதிரி நாளைப் பற்றி நான் பேசவில்லை. காற்றழுத்தத் தாழ்வு நிலை என்று செய்தி வந்தாலோ, பாம்பன் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினாலோ, மீன்வளத் துறை கடலுக்குப் போக டோக்கன் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டாலோ, வண்டியைத் திருப்பி மீனாட்சியம்மன் கோவிலுக்கு விடுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியைக் கொண்டுபோன கடல் இது, அதே பருவம்.

நான் சொல்லும் மழை நாள் வேறு. விடிகாலையில் தூறி, எட்டு மணிக்கு நின்று, ஒன்பதரைக்குச் சடசடவென்று அரை மணி பெய்து, மறுபடி வெளுக்கும். இந்தப் பக்கம் அடைமழைக் காலத்தில் பாதி நாள் அப்படித்தான்.

அதில் காற்று எங்கே நுழைகிறது? ஐப்பசி முதல் தை வரை இங்கே வாடைக் காற்று, அதாவது வடகிழக்கிலிருந்து வருவது. எங்கள் கடற்கரை கிழக்கே பார்த்தது என்பதால் காற்று நேராகக் கரைக்கு ஏறும். பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்பார்கள், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். வாடை சீசனில் இந்தக் கணக்கு மாறும், பெண் கடல்தான் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஆழம் குறைந்த கடல், ஆகையால் பெரிய அலை எழும்பாது. குட்டை குட்டையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, மூச்சு விட நேரம் தராத அலைகள். அரியமான், பிரப்பன்வலசை மாதிரி திறந்த கடற்கரைகளிலும் கயாக் உண்டு. ஆனால் வாடை வீசும் நாளில் புதிதாகத் துடுப்பு பிடிக்கிறவர்களை அங்கே நான் அனுப்பமாட்டேன். காரங்காட்டில் மரங்கள் இருக்கின்றன. வெளியே காற்று சீறினாலும் ஓடைக்குள் நுழைந்துவிட்டால் இலை மட்டும் சலசலக்கும், தண்ணீர் அசையாது.

எனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறேன். விண்டி என்ற வானிலைச் செயலியில் காற்று மணிக்கு 15 கிலோமீட்டருக்குள் காட்டினால் முகத்துவாரம் வரை போவேன். அதற்கு மேல் என்றால் ஓடைகளோடு சரி. 25 தாண்டினால் வீட்டில் இருப்பேன். புதிதாக ஓட்டுகிறவர் மணிக்கு நான்கு, ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் போனாலே அதிகம். எதிர்க்காற்று கொஞ்சம் பலத்தால் கை வலிப்பதுதான் மிச்சம், பக்கத்து மரம் பக்கத்திலேயே நிற்கும்.

முகத்துவாரத்தைத் தனியாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. மழை பெய்து மேற்கே கண்மாய்கள் நிறைந்து கலுங்கு வழியாக உபரித் தண்ணீர் பாய ஆரம்பித்துவிட்டால் ஆற்றில் செம்மண் கலரில் தண்ணீர் வரும். நல்ல தண்ணீர் எடை குறைந்தது, உப்புத் தண்ணீருக்கு மேலேயே மிதந்து ஓடும். அதோடு கடல் வற்றும் நேரமும் சேர்ந்துகொண்டால் ஆறு கடலைப் பார்த்து இழுக்கும், வாடை கரையைப் பார்த்துத் தள்ளும். இரண்டும் மோதும் இடத்தில் தண்ணீர் கொதிக்கிற உலை மாதிரி இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் சின்னச் சின்ன வெள்ளைக் கீற்றுகள்தான் தெரியும். கயாக்கின் உயரத்தில் உட்கார்ந்து பார்த்தால் வேறு கதை.

இப்போது வற்றம், அதாவது கடல் தண்ணீர் இறங்கும் நேரம். இதை நான் பட்டுத்தான் கற்றேன்.

ஒரு கார்த்திகை ஞாயிறு. பரமக்குடியிலிருந்து வந்த நண்பனோடு இரண்டு பேர் உட்காரும் கயாக்கில் போனேன். முன்னால் அவன், பின்னால் நான். எங்களோடு இன்னொரு கயாக்கில் ஊர்க்கார அண்ணன் ஒருவர். கிளம்பும்போதே, "தம்பி, பத்தரைக்கு மேல தண்ணி வத்தும். பெரிய ஓடையிலேயே வாங்க, சந்துக்குள்ள போகாதீங்க" என்றார். தலையாட்டினேன்.

பத்து மணி வாக்கில் மழை பிடித்தது. முதலில் மரங்களின் மேல் சத்தம் கேட்டது, அப்புறம்தான் எங்கள் மேல் விழுந்தது. தண்ணீர் முழுக்கச் சின்னச் சின்ன முள் முளைத்த மாதிரி துள்ளியது. வெளியே தெரிந்த கடல் மறைந்துபோய், ஓடையும் இரண்டு பக்க மரமும் மட்டும் மிச்சம். நண்பன் துடுப்பை மடியில் வைத்துவிட்டு வாயைப் பிளந்து மழையைக் குடித்துக்கொண்டிருந்தான். நான் வெண்கண்டல் இலை ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். அலையாத்தி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இங்கே அதிகம் இருப்பது வெண்கண்டல்தான். உப்புத் தண்ணீரைக் குடித்து வளரும் மரம், அதிகப்படியான உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடும். வெயில் நாளில் இலையைத் தொட்டால் விரலில் பொடி உப்பு ஒட்டும், நக்கினால் கரிக்கும். அன்று நக்கிப் பார்த்தேன், சப்பென்று இருந்தது. மழை கழுவிவிட்டிருந்தது. அதே நேரம் அவரைக்கொட்டை சைசில் பச்சைக் காய் ஒன்று கயாக்கை உரசிக்கொண்டு போனது. கையில் எடுத்து மேல் தோலை உரித்தால் உள்ளே இரண்டு பருப்பும் மடித்து வைத்த வெற்றிலை மாதிரி ஒன்றுக்குள் ஒன்று, அடியில் வேர் முனை வேறு. மரத்தில் இருக்கும்போதே முளைத்துவிடும், கீழே விழுந்ததும் சேற்றில் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. மழைத் தண்ணீரில் உப்பு குறைந்திருக்கும் இந்தச் சில வாரங்கள் அந்தக் குருத்துக்கு நல்ல காலம். காயைத் தண்ணீரிலேயே விட்டேன். அது மெல்ல நகர்ந்து இடது பக்கச் சந்து ஒன்றுக்குள் போனது.

அதன் பின்னாலேயே நாங்களும் போனோம். அண்ணன் சொன்னது மழைச் சத்தத்தில் மறந்துபோயிற்று என்று இப்போது சாக்கு சொல்லலாம்.

உள்ளே போகப் போக ஓடை குறுகியது. ஒரு நாரை எழுந்து பறந்தது. சேற்றில் தத்தித் தத்திப் போகும் சின்ன மீன்களை நண்பனுக்குக் காட்டிக்கொண்டிருந்தேன். அவை ஏன் எங்கள் கண் உயரத்துக்கு வந்துவிட்டன என்று யோசிக்கவில்லை. திரும்பலாம் என்று துடுப்பைப் போட்டால் சளக்கென்று சேறு. தண்ணீர் அரை அடி இறங்கியிருந்தது. பாக் விரிகுடாவில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டருக்குள்தான், பெரிய கடலோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஆனால் முழங்கால் ஆழ ஓடைக்கு அரை அடி என்பது பாதிச் சொத்து.

அப்போது செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன், இறங்கித் தள்ளப் பார்த்தேன். கால் முழங்காலுக்கு மேல் புதைந்தது. செருப்பு இன்னமும் அங்கேதான் இருக்கிறது. போதாக்குறைக்கு மூச்சுவேர்கள். பென்சில் பென்சிலாகச் சேற்றிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும், மரம் காற்று வாங்குவதற்காக விட்ட வேர்கள். தண்ணீர் இருக்கும்போது தெரியாது, உள்ளங்காலில் குத்தும்போது தெரியும். பிடிமானத்துக்குப் பக்கத்து அடிமரத்தில் கை வைத்தேன். அதில் ஒட்டியிருந்த கொட்டலசு, கூரான ஓடுள்ள சின்னக் கடல் உயிரி, உள்ளங்கையைக் கிழித்தது. நண்பன் திரும்பிப் பார்த்து, "நீதான்டா அனுபவசாலி" என்றான்.

நாற்பது நிமிடம் அப்படியே மழையில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் விசில் கொடுத்துத் தேடி வந்து, சந்தின் வாயில் நின்றபடியே கயிற்றை வீசினார். இரண்டு பேரும் பின்பக்கம் நகர்ந்து உட்காரச் சொன்னார். மூக்கு லேசாகத் தூக்கியதும் இழுத்தார், பிளாஸ்டிக் சேற்றில் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. திட்டவில்லை. "மழை நனைக்கத்தான் செய்யும் தம்பி, தண்ணி போயிட்டா என்ன செய்வீங்க" என்றதோடு சரி.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது: முதல் நாளே காரங்காட்டுக்குப் போன் போட்டு, நாளைக்குக் கயாக் விடுகிறார்களா, தண்ணீர் எப்போது ஏறும் என்று கேளுங்கள். ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும், ஆகையால் போன வாரம் போனவர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வந்தால் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும்போது உள்ளே போய், நின்ற தண்ணீரில் சுற்றி, வற்ற ஆரம்பிக்கும்போது வெளியே வருவது வசதி. வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதோடு விட்டுவிடுங்கள். எதிர்வாதம் செய்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் டிரோன் கேமராவோடு வந்தவர்கள்.

இடிக்கு மட்டும் பேரம் கிடையாது. மின்னல் தெரிந்து சத்தம் கேட்கும்வரை எண்ணுங்கள், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். ஆனால் நான் எண்ணிக்கொண்டிருக்கமாட்டேன். சத்தம் காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில் இருக்கிறோம் என்று அர்த்தம், கரைக்குத் திரும்பிவிடுவேன். திறந்த தண்ணீரில் உங்கள் தலையை விட உயரமாக எதுவும் இருக்காது. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆன பிறகே மறுபடி இறங்குவேன். கிளம்புமுன் காரைக்கால் ரேடார் படத்தைப் பார்த்துவிட்டால் கடல் பக்கமிருந்து மேகக்கூட்டம் வருகிறதா என்று ஓரளவு தெரியும்.

உடுப்பு விஷயத்தில் எல்லோரும் ஒரே தப்பைச் செய்கிறார்கள், ஜீன்ஸ். நனைந்தால் காலில் கல்லைக் கட்டிய மாதிரி, காயவும் காயாது. பருத்தி பனியனும் அப்படியே. பையன்கள் கபடி ஆடப் போட்டுக்கொள்கிற பாலியஸ்டர் ஜெர்சியும் அரைக்கால் டவுசரும் போதும். நம் ஊரில் குளிரா என்று நினைக்காதீர்கள். ஒரு மணி நேரம் நனைந்துவிட்டு வாடையில் உட்கார்ந்தால் பல் தந்தியடிக்கும், பிள்ளைகளுக்கு இன்னும் சீக்கிரம். குடை வேண்டவே வேண்டாம், அது பாய்மரம். மழைக்கோட்டுப் போட்டால் அதற்கு மேலேதான் லைஃப் ஜாக்கெட். ஜாக்கெட்டுக்கு மேல் மழைக்கோட்டை மாட்டினால் தண்ணீரில் விழுந்தவுடன் அது தலையைச் சுற்றிக்கொள்ளும். கழுத்தில் மாட்டித் தொளதொளவென்று தொங்கும் போஞ்சோ மழை அங்கியை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். செருப்பு என்றால் பின்னால் வார் வைத்தது. என் அனுபவம்தான் சொன்னேனே.

கயாக்கில் உட்கார்ந்ததும் அடியில் ஓட்டைகளைப் பார்ப்பீர்கள். உங்கள் மகள்தான் முதலில் பார்ப்பாள், "அப்பா, படகு ஓட்டை" என்று கத்துவாள். மேலே உட்காரும் வகைக் கயாக்கில் அந்தத் துளைகள் வேண்டும் என்றே வைத்தவை. மேலே விழும் மழைத் தண்ணீரும் துடுப்பிலிருந்து சொட்டுவதும் அது வழியாக இறங்கிவிடும். இரண்டு பேர் கனத்தில் கொஞ்சம் தண்ணீர் மேலே எட்டிப் பார்க்கவும் செய்யும், உட்காருமிடம் ஈரமாகும், அவ்வளவுதான். உள்ளே காற்று அடைத்த வெற்றுக்கூடு, முழுகாது.

துடுப்பு ஈரத்தில் வழுக்கும் என்று இறுக்கிப் பிடித்தால் இருபது நிமிடத்தில் முன்கை கல்லாகிவிடும். தளர்வாகப் பிடித்து, இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பிப் போடுங்கள். பின்னால் உட்காருபவர் திசையைப் பார்க்கட்டும், முன்னால் இருப்பவர் தாளத்தைக் கொடுக்கட்டும். கணவன் மனைவி ஒரே கயாக்கில் ஏறினால் முதல் பத்து நிமிடம் சண்டை வரும், அதை நான் எந்தத் தம்பதியிடமும் பார்க்காமல் இருந்ததில்லை.

ஒன்றை மட்டும் மூன்று பேருக்கும் சொல்லி வையுங்கள். கயாக் மரத்தில் இடிக்கப் போனால் கிளையைப் பிடிக்கக்கூடாது. கை கிளையோடு நிற்கும், கயாக் அடியிலிருந்து நழுவிப் போகும், நடுவில் இருக்கும் உடம்பு தண்ணீருக்குள். நான் பார்த்த கவிழ்ப்புகளில் முக்கால்வாசி இப்படித்தான். இடித்தால் இடிக்கட்டும், குனிந்துகொள்ளுங்கள். மழை நாளில் அந்தக் கிளைகளில் சிலந்தி வலை ஒவ்வொன்றும் முத்துக் கோத்த மாதிரி தெரியும், தலையில் பட்டால் மொத்தமும் மேலே கொட்டும்.

நீச்சல் தெரியாதவர் பற்றி: ஜாக்கெட்டின் எல்லா வாரும் மாட்டி இறுக்கியிருந்தால், ஓடைகளுக்குள் மட்டும் என்றால், போகலாம். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது அவருக்குப் பெரிது, வேறு கேளுங்கள். பயமாக இருந்தால் வனத்துறைப் படகில் அவர் வரட்டும், அதில் போனாலும் காடு அதே காடுதான். மகள் உங்களோடு வர வேண்டாம், அந்த ஊர்க்காரர் ஓட்டும் கயாக்கில் முன்னால் உட்காரட்டும். கோபித்துக்கொள்ளாதீர்கள், முதல் தடவை துடுப்பு பிடிக்கும் அப்பாவை விட அவர் பத்திரம். பிள்ளைகளுக்கு எடுத்தெடுத்துக் காட்டவும் அவர்களுக்குப் பொறுமை உண்டு. ஒரு கை மட்டும் பெருத்த நண்டு மழை விட்டதும் வளையை விட்டு வெளியே வந்து கையை ஆட்டும், அதை அவர்தான் முதலில் பார்ப்பார்.

பூநாரை பார்க்க ஆசை என்றால் பொங்கலுக்கு அப்புறம் ஒரு தடவை தனியாக வாருங்கள், அது வேறு பயணம். நவம்பரில் கொக்கு, நாரை, நீர்க்காகம், மீன்கொத்தி நிச்சயம்.

போனை எடுத்துப்போவதானால் இரண்டு பிளாஸ்டிக் பை போட்டு முடிச்சு. வண்டிச் சாவியைக் கரையிலேயே கொடுத்துவிடுங்கள். மாற்றுத்துணி, துண்டு இரண்டும் வண்டியில் மேலாக இருக்கட்டும்.

ஊர்ப் பெண்கள் சமைத்துத் தருகிறார்கள், மீனும் நண்டும். நண்டு சூப் வேண்டுமென்றால் கயாக்கில் ஏறுவதற்கு முன்பே சொல்லிவிட்டுப் போங்கள். திரும்பி வந்து சொன்னால் அதற்கப்புறம்தான் நண்டை உடைக்கவே ஆரம்பிப்பார்கள், ஈரத் தலையோடு முக்கால் மணி நேரம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.